லக்கேஸ் நொதியத் தூள்: நீலத்துக்கு நல்லது, கறுப்புக்குக் காணாது

கைத்தறி நூலுக்குச் சாயம் போடும் சிறு கூடங்களின் கழிவுநீரில் நிறத்தை நீக்கவென்று விற்கப்படும் தூள் இது. உள்ளே இருப்பது லக்கேஸ். மரத்தை உக்கவைக்கும் வெண்ணழுகல் பங்கசுகள் லிக்னினை உடைக்கச் சுரக்கும், செப்பு கொண்ட நொதியம். நீரில் கரைந்த ஒட்சிசனே அதற்குப் போதும், ஐதரசன் பேரொட்சைட்டு தேவையில்லை. வன்னி வெயிலில் நிழலில் வைத்த பரல் தண்ணீரின் சூடும் போதுமானது, தனியாகச் சூடாக்க வேண்டாம்.

ரியாக்டிவ் புளூ 19 போன்ற அந்திராகுயினோன் நீலங்களில் நிறம் இறங்குவது கண்ணுக்கே தெரியும். ஆனால் ரியாக்டிவ் பிளாக் 5 போன்ற அசோச் சாயங்களை லக்கேஸ் தனியாக அவ்வளவு தொடாது. சிரிங்கல்டிகைட்டு போன்ற துணைப் பொருள் ஒன்றும் சேர்க்கவேண்டும். அது செலவு, தண்ணீரிலும் மிஞ்சும். ‘எல்லாச் சாயத்துக்கும்’ என்ற விளம்பரத்தை நம்பி வாங்கவேண்டாம்.

பாவிப்பதில் முக்கால்வாசி வேலை பிஎச்சை, அதாவது நீரின் அமில-கார அளவை, சரிசெய்வதுதான். ரியாக்டிவ் சாயநீரின் பிஎச் 11 அளவில் நிற்கும். லக்கேசுக்கு 5 அளவில் வேண்டும். லீற்றருக்கு 10 கிராம் சோடாக் காரம் (சோடியம் காபனேற்று) போட்ட தண்ணீரை அங்கே இறக்க, லீற்றருக்குச் சுமார் 22 கிராம் சித்திரிக்கமிலம் போகும். 100 லீற்றருக்கு 2.2 கிலோ! நுரைத்துப் பொங்கும், ஆகவே பரலில் கால்வாசி வெறுமையாக விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அந்த அமிலமும் நீரின் ஒட்சிசன் தேவையை, அதாவது கழிவு சிதைய இழுக்கும் ஒட்சிசனின் அளவை, கூட்டும் என்பது இந்த முறையின் உண்மையான குறை. தூளின் வலு கிராமுக்கு 1,000 அலகு (நொதியத்தின் வேகத்தை அளக்கும் அலகு) என்றால், ஒரு லீற்றர் மாதிரியில் 1 கிராம் போட்டு, மீன்தொட்டிக் காற்றுப் பம்பை ஓடவிட்டு, மறுநாள் பாருங்கள். நிறம் இறங்காவிட்டால் முழுப் பரலுக்கும் போடுவது வீண்.

அதிகம் கெடுப்பது உப்பு. சாயம் பிடிக்கக் கறியுப்புப் போட்டால் குளோரைட்டு லக்கேசை அடக்கிவிடும். அதற்குப் பதில் கிளோபர் உப்பு, அதாவது சோடியம் சல்பேற்று, பாவியுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் சாயமிட்டாலும் இதே சிக்கல்தான். வற் சாயத் தண்ணீரில் மிஞ்சிய ஐதரோசல்பைற்று (அச்சாயத்தைக் கரைக்கப் போடும் தாழ்த்தும் பொருள்) ஒட்சிசனை விழுங்கிவிடும். முதலில் நன்றாகக் காற்றூட்டி அதை முடித்துவிட்டுத்தான் தூளைப் போடவேண்டும்.

சிப்பிக்காளான் வளர்ப்பவர்கள் அருகில் இருந்தால், அறுவடை முடிந்த மரத்தூள் பையை உதிர்த்து, தண்ணீரில் ஊறவைத்து வடித்தும் இதே நொதியத்தை எடுக்கலாம். காசு மிச்சம், ஆனால் வலு பைக்குப் பை மாறும். காளானின் இழைகள் மரத்தூளில் பரவும் காலத்தில்தான் லக்கேஸ் கூட, காளான் பூத்தபின் குறைந்துவிடும். சாறும் கபில நிறம், ஆகவே வெளிர்ந்ததா என்று கண்ணால் மட்டிடுவது கடினம்.

நிறம் போன தண்ணீரை வயலுக்கு விடவேண்டாம். சோடியம் அப்படியே நிற்கும், மண்ணை இறுக்கும். நிறமற்ற உடைபொருட்களும் மிஞ்சலாம். கிணற்றுக்குத் தூரமாக, தார்ப்பாய் விரித்த ஆழமற்ற தொட்டியில் கோடையில் வற்றவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் தொட்டி காலியாகவேண்டும். நிரம்பி வழிந்தால் எல்லாம் குளத்துக்குத்தான் போகும்.

உறையில் கிராமுக்கு எத்தனை அலகு என்பதும் உற்பத்தித் திகதியும் இல்லாத தூளை வாங்காதீர்கள். வாங்கியதைக் காற்றுப் புகாமல் மூடி, பிறிட்ஜில் வையுங்கள்.