பிதுருதலாகல அடிவாரத்தில் ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி4: வாங்கலாமா?

ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி4 என்பது கணினியோடு சேர்ந்து இயங்கும் ஒரு ரேடியோ வாங்கி. பார்வைக்குப் பெரிய பென்டிரைவ் மாதிரி ஒரு அலுமினியக் குச்சி. ஒரு முனையில் யுஎஸ்பி, மறு முனையில் அன்டெனா பூட்டும் எஸ்எம்ஏ மூக்கு. லெப்டொப்பில் செருகினால் 500 கிலோஹேர்ட்ஸ் முதல் 1.766 கிகாஹேர்ட்ஸ் வரை காற்றில் போகும் சிக்னல்களைத் திரையில் பார்க்கலாம், பலவற்றைக் கேட்கவும் செய்யலாம். விபரத்தாள் சொல்வது பொய்யில்லை. ஆனாலும் நுவரெலியா டவுனில் இருப்பவருக்கும், ஹப்புத்தளை விளிம்பில் இருப்பவருக்கும், பள்ளத்தாக்கில் லயத்தில் இருப்பவருக்கும் இது மூன்று வெவ்வேறு சாமான்கள்.

பூர்வீகத்தில் இது டிவி பார்க்கச் செய்த மலிவு டொங்கிள். உள்ளே இருக்கும் ஆர்டிஎல்2832யு சிப், சிக்னலைப் பச்சையாகவே கணினிக்குத் தள்ளிவிடும் என்பதை 2012 அளவில் ஆர்வலர்கள் பயன்படுத்தத் தொடங்கியதும் அது ரேடியோ ஆனது. வி4 மொடல் 2023 இல் வந்தது. முந்தைய மொடலான வி3 இல், அலைவரிசையைத் தெரிந்தெடுக்கும் டியூனர் சிப்பாக இருந்த ஆர்820டி2 க்குப் பதில் ஆர்828டி. சிற்றலையை 28.8 மெகாஹேர்ட்ஸ் மேலே தூக்கிக் கொடுக்கும் ஒரு மாற்றி. பிறகு, மலையகத்தாருக்கு இதுதான் முக்கியம், எஃப்எம் ஒலிபரப்பை அடக்கும் வடிகட்டி. வெளிவந்தபோது டொங்கிள் மட்டும் என்றால் 30 டொலரைச் சுற்றி, அன்டெனா செட்டோடு 40 அளவில். தபாலும் வரியும் வேறு.

அந்த வடிகட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1982 இல் ரூபவாஹினி தொடங்கிய காலத்திலிருந்தே பிதுருதலாகல உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது. 2,524 மீற்றர் உயரத்திலிருந்து வரும் அந்தப் பலத்தில் டவுனுக்குள் வெறும் கம்பித் துண்டும் அன்டெனாதான். இந்த டொங்கிளிலோ சிக்னலை அளப்பது 8 பிட், அதாவது 256 படிகள் மட்டும். பலமான எஃப்எம் நிலையம் ஒன்று டியூனரின் முன்பகுதியைத் திணறடித்துவிட்டால், பலவீனமான செய்மதிச் சிக்னல் முதல் படிக்கும் கீழே அமுங்கிப்போகும். திருவிழா ஸ்பீக்கருக்கு அடியில் நின்றுகொண்டு போன் பேசுகிற கதைதான். வி3 இல் இது எப்படித் தெரியும் என்றால், வானிலைச் செய்மதிகளுக்கான 137 மெகாஹேர்ட்ஸில் வெறும் இரைச்சல் இருக்க வேண்டிய இடத்தில் சினிமாப் பாட்டு மங்கலாகக் கேட்கும். அது அங்கே ஒலிபரப்பாகும் நிலையமல்ல. டியூனருக்குள் பிறந்த பேய். கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, குறைத்துப் பாருங்கள். உண்மைச் சிக்னல் மெல்லக் குறையும், பேய் சட்டென்று மறையும்.

வி4 இல் 85 முதல் 112 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதிக்கு வெளியே டியூன் செய்ததும் வடிகட்டி தானாக இயங்கத் தொடங்கிவிடும். நாம் எதையும் அழுத்தத் தேவையில்லை. அதற்காகக் கெயினை உச்சமான 49.6 டெசிபெல்லில் விட்டுவிடாதீர்கள். 20களில் தொடங்கி, இரைச்சல் மட்டம் ஏறத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். வி3 ஏற்கெனவே கையில் இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். 88–108 மெகாஹேர்ட்ஸை மட்டும் தடுக்கும் எஃப்எம் நொட்ச் ஃபில்டர் ஒன்றைத் தனியாக வாங்கி அன்டெனாப் பக்கம் இடையில் பூட்டினால் பெரும்பாலும் போதும்.

முதல் நாளே ஆட்களைக் குழப்புவது டிரைவர். வின்டோஸில் ஸாடிக் (Zadig) என்ற சிறு நிரலைத் திறந்து, ஒப்ஷன்ஸில் எல்லாச் சாதனங்களையும் காட்டச் சொல்லி, 'பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0' என்பதைத் தெரிவுசெய்து வின்யுஎஸ்பி டிரைவரைப் போட வேண்டும். தவறி மவுஸையோ கீபோர்டையோ தெரிவுசெய்தால் அது செத்துப்போகும். டிவைஸ் மனேஜரில் போய்த்தான் மீட்க வேண்டும். வேறொரு யுஎஸ்பி துளையில் செருகினால் மறுபடியும் இதையே செய்ய நேரலாம். லினக்ஸில் பழைய டிவி டிரைவர் முந்திக்கொண்டு டொங்கிளைப் பிடித்து வைத்திருக்கும், அதைத் தடைப்பட்டியலில் போட்டால்தான் விடும். இதற்கும் மேலே, வி4 க்கு அதன் தயாரிப்பாளர் தரும் புதிய டிரைவர் தேவை. பழையதிலும் டொங்கிளை அடையாளம் காணும், திரையில் கோடுகள் ஓடும், ஆனால் நிலையங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. 'பழுதுச் சாமான் வந்துவிட்டது' என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அன்டெனா செட் எதிர்பார்த்ததைவிட நல்லது. இழுத்து நீட்டும் கம்பிகள் இரண்டு சோடி, அவற்றைப் பூட்டும் ஒரு அடித்தளம், 3 மீற்றர் கேபிள், வளையும் கால் கொண்ட தாங்கி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் கப். செய்மதிப் படத்துக்குப் பெரிய சோடியை எடுத்து, ஒவ்வொரு கம்பியையும் சுமார் 53 சென்டிமீற்றருக்கு நீட்டி, இரண்டுக்கும் இடையில் 120 பாகை வைத்துத் தரைக்குச் சமாந்தரமாகப் படுக்க வையுங்கள். திறந்த பக்கம் வடக்கையோ தெற்கையோ பார்க்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் ஒன்றும் வராது. முற்றத்துக்கு வாருங்கள்.

யூடியூப்பில் இருக்கும் பழைய பாடங்களை நம்பி நோவா என்ற அமெரிக்க வானிலைச் செய்மதிகளைத் தேட வேண்டாம். நோவா 15, 18, 19 மூன்றையும் 2025 இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது 137.9 மெகாஹேர்ட்ஸில் இருப்பவை ரஷ்யாவின் வானிலைச் செய்மதிகளான மெட்டியோர் எம்2-3, எம்2-4. ஒரு புள்ளிக்கு ஒரு கிலோமீற்றர் என்பதால் படம் நோவாவைவிடத் துலக்கம். செய்மதிச் சிக்னலைப் படமாக்கும் சாட்டம்ப் (SatDump) நிரலில் மெட்டியோர் எல்ஆர்பிடி 72கே தெரிவை எடுத்து ஓட விடுங்கள். செய்மதி மேலே ஏறும்போது சதுரத்துக்குள் சிதறிக் கிடக்கும் புள்ளிகள் மெல்ல நான்கு கூட்டமாகத் திரளும்; பிறகு 'நோசிங்க்' என்ற சிவப்பு எழுத்து பச்சையாகும். அந்தக் கணத்திலிருந்து படம் வரிவரியாக இறங்கும். இலங்கைக்கு மேலே முகில் எங்கே நிற்கிறது என்பதைச் செய்திக்காகக் காத்திராமல் பார்த்துக்கொள்ளலாம்.

மலை கணக்கைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். தலைக்கு நேர் மேலே போகும் மெட்டியோர், வெட்டவெளியில் அடிவானத்திலிருந்து அடிவானம் வரை 15 நிமிடம் தெரியும். சுற்றியுள்ள மலை 30 பாகை வரை மறைத்தால் மிஞ்சுவது ஆறு நிமிடத்துக்கும் குறைவு. இவை வடக்கு-தெற்காக ஓடும் செய்மதிகள். ஆகவே கிழக்கிலும் மேற்கிலும் மலை இருந்தால் அவ்வளவு நட்டமில்லை. வடக்கையும் தெற்கையும் மலை அடைத்திருக்கும் தோட்டத்தில் இலங்கையும் சுற்றுப்புறமும் மட்டும் துண்டாகக் கிடைக்கும். பனிமூட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த அலைநீளத்துக்கு மிஸ்ட் இருப்பதே தெரியாது.

விமானம் பார்க்க விரும்புகிறவருக்கு ஹப்புத்தளை சொர்க்கம். 1,400 மீற்றருக்கு மேலே, தெற்கே தடையே இல்லை. 35,000 அடியில் பறக்கும் விமானத்துக்கும் அந்த விளிம்புக்கும் இடையில் நேர்க்கோடு கணக்குப்படி 500 கிலோமீற்றரையும் தாண்டும். செட்டோடு வரும் அன்டெனாவில் அவ்வளவு வராது என்பது வேறு விடயம். சின்னச் சோடியில் ஒவ்வொன்றையும் 6 முதல் 7 சென்டிமீற்றருக்கு வைத்து, ஒன்று மேலே ஒன்று கீழே என்று நிமிர்த்தினால், விமானங்கள் தாம் இருக்கும் இடத்தை அறிவிக்கும் 1090 மெகாஹேர்ட்ஸுக்குப் போதும். இந்த இடத்தில் கேபிள்தான் துரோகி. கூட வரும் மெல்லிய ஆர்ஜி174 கேபிள் இந்த அலைவரிசையில் மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபெல் தின்னும். 3 மீற்றரில் பாதிச் சக்தி போச்சு. வீட்டு டிஷ் அன்டெனாவுக்கு இழுத்த ஆர்ஜி6 கேபிள் மீதி இருந்தால் அதற்கு எஃப்-இலிருந்து எஸ்எம்ஏ மாற்றி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கேபிள் 75 ஓம், டொங்கிள் 50 ஓம், பொருந்தாது என்று பயமுறுத்துவார்கள். அதனால் போவது கால் டெசிபெல் கூட இல்லை. இல்லாவிட்டால் டொங்கிளையே அன்டெனா அருகில் வைத்து யுஎஸ்பி நீட்சிக் கேபிளில் கொண்டுவாருங்கள்.

சிற்றலையில் வி4 க்குத்தான் வெற்றி. வி3 இல் டிரெக்ட் சாம்பிளிங் என்று தனியாக ஒரு முறைக்குப் போக வேண்டியிருந்தது, இதில் நேரே டியூன் செய்யலாம். செட் அன்டெனா இதற்கு உதவாது. கூரையிலிருந்து சவுக்கு மரத்துக்கு 10 மீற்றர் கம்பி கட்டினால் இரவில் மத்திய அலையில் இந்தியத் தமிழ் நிலையங்களைப் பிடிக்க வாய்ப்புண்டு. பெரிய எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: மலிவு எல்இடி பல்பும் போன் சார்ஜரும். கரண்ட் போன இரவில் லெப்டொப்பை பற்றரியில் ஓட்டிப் பாருங்கள், இரைச்சல் மட்டம் கண்ணெதிரே விழும். மின்வெட்டால் லாபம் அடையும் பொழுதுபோக்கு வேறு எது இருக்கிறது?

கம்பி வெளியே இருந்தால் ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பகல் இரண்டு மணிக்கு முன்பே கழற்றி விடுங்கள். பின்னேர இடியில் பக்கத்து மலையில் விழும் மின்னலே டியூனரின் முன்பகுதியை எரிக்கப் போதும். அப்படி எரிந்த டொங்கிள் செத்ததாகக் காட்டாது, செவிடாகத்தான் ஆகும். அதனால் காரணம் புரியாமல் நாள் கணக்கில் டிரைவரை மாற்றிக்கொண்டு இருப்பார்கள். ஈரமும் தொல்லை. வெளியே விடும் எஸ்எம்ஏ பொருத்துகளுக்கு ரப்பர் டேப் சுற்றி, டொங்கிளைச் சோற்றுப் பெட்டி மாதிரி ஒன்றில் போட்டு, கேபிள் வரும் துளையைக் கீழ்ப்பக்கம் வையுங்கள். அது தொடச் சுடும் அளவுக்குச் சூடாவது வழக்கம்தான், நானுஓயாக் குளிரில் அதுவே பெட்டிக்குள் பனி படியாமல் காக்கும்.

பள்ளத்துக்குள் இருப்பவர், விமானமும் செய்மதியும் மட்டும் போதும் என்றால், மலிவாகக் கிடைத்தால் வி3 போதும். டவுனிலோ கோபுரம் கண்ணுக்குத் தெரியும் இடத்திலோ இருந்தால் வி4 க்குக் கூடுதலாகக் காசு கொடுக்க நேர்ந்தாலும் நியாயம். போலிகள் நிறைய உலாவுவதால் வந்ததும் ஆர்டிஎல் டெஸ்ட் (rtl_test) கட்டளையை ஓட்டுங்கள். பெயர் வரியில் 'ஆர்டிஎல்எஸ்டிஆர்புளொக், புளொக் வி4' (RTLSDRBlog, Blog V4) என்று வராவிட்டால் திருப்பி அனுப்புங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் ரேடியோச் சாதன இறக்குமதி பற்றித் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் ஓடர் போடும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. பொதி சுங்கத்தில் மாட்டிக்கொண்ட பிறகு கேட்டால், ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ஏறி இறங்கும் பஸ் காசிலேயே இன்னொரு அன்டெனா செட் வாங்கலாம்.