தட்டை அளந்த பிறகே பாகம் தரும் ஹட்டன் பட்டறை

நுவரெலியாவில் நான் பராமரித்து வரும் பழைய துரை பங்களாவின் புல்தரையை இன்றைக்கும் வெட்டிக் கொடுப்பது, வீல் ஹோர்ஸ் சி-120 என்ற அமெரிக்கத் தோட்ட ட்ரக்டர்தான். அதிலுள்ள 12 குதிரைவலு கோலர் கே301 எஞ்சின் வார்ப்பிரும்பால் ஆனது. எண்ணெயை ஒழுங்காக மாற்றி வந்தால் அது யாரையும் ஏமாற்றுவதில்லை. தொல்லை எல்லாம் வண்டியின் வயிற்றுக்கடியில் தொங்கும் புல்வெட்டும் தட்டில்தான் இருந்தது. டெக் என்று நாங்கள் சொல்லும் அந்தத் தட்டுக்குச் சரியான பாகம் எது என்று கண்டுபிடிக்க முடியாமல் இரண்டு வருடங்களை வீணாக்கிய பிறகு, ஹட்டன் நகரில் உள்ள ஒரு சிறிய லேத் (கடைசல்) பட்டறை அதைத் தீர்த்து வைத்தது. அந்தப் பட்டறையின் வேலையைப் பற்றியதே இந்த மதிப்புரை.

வீல் ஹோர்ஸ் நிறுவனத்தை டோரோ நிறுவனம் 1986ஆம் ஆண்டில் வாங்கிவிட்டது. ஆகவே பழைய வண்டியின் எண்ணைச் சொன்னால் எந்தக் கடையிலும் பாகம் கிடைத்துவிடும் என்றே நானும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் முதல் தவறு நடந்தது. இத்தகைய வண்டியில் எண் தகடு ஒன்றல்ல: ட்ரக்டரின் உடலுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, தட்டுக்குத் தனியாக ஒன்று. ஒரே ட்ரக்டருக்கு 36, 42, 48 அங்குல அகலங்களில் தட்டுகள் உண்டு. பக்கவாட்டில் புல்லைத் தள்ளுபவையும் பின்புறமாகத் தள்ளுபவையும் உண்டு. எங்கள் தட்டின் தகடு எப்போதோ துருவேறி உதிர்ந்து போயிருந்தது. ஆண்டின் பெரும்பகுதி ஈரமாகவே கிடக்கும் புல், தட்டின் அடிப்புறத்தில் ஒட்டிக் காய்ந்து, மறுபடி நனைந்து இரும்பைத் தின்னும் ஊர் இது என்பதால், தகடு மிஞ்சியிருக்கும் தட்டுகள் இங்கே அரிது.

பட்டறையின் உரிமையாளர் வயதானவர். ட்ரக்டரின் பெயரை நான் சொல்லத் தொடங்கியதுமே, "தம்பி, வண்டிப் பேரு எனக்கு வேணாம். தட்டக் கழட்டி லொறியில ஏத்திக்கிட்டு வாங்க" என்றார். நானூ ஓயா, தலவாக்கலை வழியாகத் தட்டைக் கொண்டுபோய் இறக்கினேன். அவர் அதைக் கவிழ்த்துப் போட்டு, ஒட்டியிருந்த புல்லையும் துருவையும் சுரண்டி எடுத்து, சுண்ணக்கட்டியால் இரும்பிலேயே அளவுகளை எழுதத் தொடங்கினார். அகலம் 42 அங்குலம், புல்லை வெட்டும் கத்திகளான பிளேட் மூன்று, புல் வெளியேறுவது வலப்பக்கம். அரை மணி நேரம் அளந்து முடிக்கும்வரை ஒரு பாகத்தின் விலையைக்கூட அவர் வாயால் சொல்லவில்லை.

தண்டைத் தாங்கிச் சுழலவிடும் வளையமான பெயாரிங் விடயத்தில்தான் இந்தப் பட்டறையின் அருமை எனக்குத் தெரிந்தது. நடு பிளேட்டைச் சுழற்றும் அச்சைக் கழற்றியபோது, தண்டுக்கும் பெயாரிங்குக்கும் இடையில், பால்மா டின்னிலிருந்து வெட்டிய தகட்டுத் துண்டு சுற்றப்பட்டிருந்தது. தேய்ந்து, கறுத்து, ஓரம் கிழிந்து, டின்னின் மஞ்சள் வர்ணம் ஒரு மூலையில் மட்டும் மிஞ்சியிருந்தது. காரணத்தை அவர் வெர்னியர் அளவுகோலை வைத்துக் காட்டினார். எங்கள் தண்டின் விட்டம் ஐந்து நூல், அதாவது 5/8 அங்குலம், மில்லிமீற்றரில் 15.88. முன்னர் வேலை செய்தவர் போட்டிருந்ததோ, எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் சாதாரண 6203 பெயாரிங். அதன் உள்விட்டம் 17 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 40, தடிப்பு 12. வெளிப்புறம் கூட்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிடுவதால் அளவு சரி என்றே தோன்றும். உள்ளே ஒரு மில்லிமீற்றருக்கும் அதிகமான இடைவெளி இருப்பது கண்ணுக்குப் படாது. அந்த இடைவெளியில் தண்டு ஆட, பிளேட் ஆட, புல்தரை முழுவதும் வரிவரியாக மேடு விழுந்துகொண்டிருந்தது. வெளி அளவு மாறாமல் உள்துளை மட்டும் 5/8 அங்குலமாக உள்ள 6203 பெயாரிங் தனியாகத் தயாரிக்கப்படுகிறது என்பதும் இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரு பக்கமும் ரப்பர் மூடியுள்ள ஆறு பெயாரிங்குகளைக் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரவழைத்தார். இரண்டு தண்டுகள் தப்பின. தேய்ந்திருந்த நடுத் தண்டைப் புதிதாகக் கடைந்து கொடுத்தார்.

பிளேட்டுகளைச் சுழற்றும் பெல்ட்டைப் பற்றிய என் மனக்குறையையும் இங்கே சொல்ல வேண்டும். முன்பு ஒரு கடையில், தேய்ந்த பெல்ட்டின் வெளிச்சுற்றை நாடாவால் அளந்து, 85 அங்குலம் என்று கண்டு, ஏ 85 என்ற பெல்ட்டைக் கட்டிக் கொடுத்தார்கள். ஏ என்ற எழுத்தோடு வரும் எண் உட்சுற்றின் அளவு. வெளிச்சுற்று அதைவிடச் சுமார் 2 அங்குலம் கூடுதலாக இருக்கும். 4எல் என்று தொடங்கும் எண்ணோ வெளிச்சுற்றைக் குறிக்கிறது. 4எல் 850 என்றால் வெளிச்சுற்று 85 அங்குலம். ஆகவே எங்களுக்கு வேண்டியிருந்தது ஏ 83. இரண்டு அங்குலம் நீண்ட பெல்ட்டை இறுக்குவதற்கு இழுப்புக் கப்பிக்கு இடம் போதாமல், நனைந்த புல்லில் இறங்கியவுடன் பெல்ட் வழுக்கிப் புகைந்தது. ஒரு மழைக்காலம்கூட அது தாங்கவில்லை. ஹட்டன் பட்டறையில் பழைய பெல்ட்டை நம்பவில்லை. கப்பிகளைச் சுற்றிக் கயிறு போட்டு, இழுப்புக் கப்பியை அதன் ஓட்டத்தின் நடுவில் நிறுத்தி அளந்தார்கள். அந்த அளவில் எடுத்த பெல்ட் இதுவரை வழுக்கவில்லை.

பிளேட்டிலும் அதே கவனம் இருந்தது. நீளத்தை நேர்க்கோட்டில் எடுக்காமல், வெட்டும் முனையிலிருந்து எதிர்ப்பக்க வெட்டும் முனைவரை குறுக்காக அளந்தார்கள். மூன்று பிளேட்டும் 42 அங்குலத்தைப் பங்கிட்டுக்கொண்டு, ஒன்றின் வட்டம் அடுத்ததன் வட்டத்தைச் சற்றே கடக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொன்றும் 14 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டியே ஆக வேண்டும். குறைந்தால் நடுவில் புல் கீற்றாக நின்றுவிடும். தீட்டிய பிறகு ஒவ்வொரு பிளேட்டையும் சுவரில் அடித்த ஆணியில் நடுத்துளையால் தொங்கவிட்டு, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும்வரை கனமான பக்கத்தைத் தேய்த்தார்கள்.

இன்னொரு விடயத்தில் என் பணத்தை மிச்சப்படுத்தினார்கள். விற்பனைக்கு வந்த 48 அங்குலத் தட்டு ஒன்றை வாங்கிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் உரிமையாளர். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த மெல்லிய காற்றில் எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. கீழ்நாட்டில் 12 குதிரைவலு தரும் எஞ்சின் இங்கே 10கூடத் தராது. மழைக்காலத்து அடர்ந்த புல்லில் அகலமான தட்டைச் சுழற்ற அது திணறும் என்ற அவருடைய கணக்கு எனக்குச் சரியாகவே படுகிறது.

குறைகளும் உண்டு. நடுத் தண்டு கிடைக்க மூன்று வாரம் சென்றது; இடையில் இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பினேன். பற்றுச்சீட்டில் "தட்டு வேலை" என்று ஒரு வரியும் மொத்தத் தொகையும் மட்டுமே இருந்தன. இவ்வளவு சிரத்தையோடு கண்டுபிடித்த அளவுகளை எழுதித் தராதது எனக்கு உண்மையாகவே வருத்தம். தட்டிலிருந்த சுண்ணக்கட்டிக் குறிப்புகளை, வர்ணம் பூசுவதற்கு முன் நானே ஒரு கொப்பியில் பார்த்தெழுதிக்கொண்டேன். தட்டை வண்டியில் மாட்டி மட்டம் பார்ப்பதும் அவர்களுடைய வேலையில் அடங்காது. பிளேட்டின் முன்முனை பின்முனையைவிட ஒரு நூலிலிருந்து இரண்டு நூல்வரை தாழ்ந்திருக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அதை நானும் தோட்டக்கார அண்ணனும் ஈரத்தரையில் மண்டியிட்டுச் செய்து முடித்தோம்.

போகிறவர்கள் தட்டைக் கழற்றிக் கொண்டுபோக வேண்டும். படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர் பதில் சொல்வதில்லை. உடைந்த பாகங்களையும், தேய்ந்த பெல்ட்டையும், தட்டில் எண் தகடு ஒட்டியிருந்தால் அதையும் எறியாமல் எடுத்துச் செல்லுங்கள். எங்கள் பால்மா டின் தகட்டை அவர் இன்னும் மேசை இலாச்சியில் வைத்திருக்கிறார். 6203 பெயாரிங் கேட்டு வருகிறவர்களுக்கு, அதைக் காட்டிவிட்டுத்தான் தண்டை அளக்கத் தொடங்குகிறார்.