குடல் புற்றுநோய் அறுவைக்கு முன் பார்க்க வேண்டிய இடர் கணிப்பான்: இராமநாதபுரக் கரையிலிருந்து ஒரு மதிப்புரை

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பகுதிகளில் வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்குக் கட்டு மாற்றி, தையலைக் கவனித்து, புண் ஆறும் வரை பார்த்துக்கொள்வது செவிலியரான என்னுடைய வேலை. பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் கண்டு அறுவைக்கு நாள் குறித்திருக்கும் குடும்பங்கள், உயிருக்கு ஆபத்தில்லையே என்று கேட்ட பிறகு அடுத்ததாகக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “சிஸ்டர், காயம் சீழ் வைக்காமல் ஆறிவிடுமா?” இந்தக் கேள்விக்கு எண்ணால் விடை சொல்ல முயலும் கருவி ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் என்ற அறுவை மருத்துவர் அமைப்பு 2013-இல் வெளியிட்ட இடர் கணிப்பான் அது. நம் மாவட்டத்து நோயாளிகளுக்கு அது எவ்வளவு தூரம் உதவும் என்பதைச் செவிலியர்களுக்காகவும், நோயாளியின் அருகில் இருந்து பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்காகவும் எழுதுகிறேன்.

குடல் அறுவையில் காயம் சீழ்ப்பிடிக்கும் வாய்ப்பு, தைராய்டு அறுவையையோ மார்பக அறுவையையோ விட மிகவும் கூடுதல். குடலுக்குள் கோடிக்கணக்கில் கிருமிகள் வாழ்கின்றன. எவ்வளவு கவனமாகத் திறந்து தைத்தாலும் அவற்றில் சில வெளியே வரும். அறுவை நடந்த 30 நாட்களுக்குள் தோன்றும் தொற்றை மூன்று ஆழங்களாகப் பிரிப்பது வழக்கம்: தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் மட்டும் பாதிக்கப்படுவது, தசை வரை இறங்குவது, வயிற்றுக்குள்ளேயே சீழ் கட்டுவது. முதல் வகை கட்டு மாற்றுவதிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். மூன்றாவது, குடலைத் தைத்த இடம் கசிவதால் வந்ததாக இருந்தால், மறுபடியும் அறுவை அரங்குக்கே கொண்டுபோய்விடும்.

கருவியைப் பயன்படுத்தும் முறை எளியது. அறுவைக்குரிய எண்ணை முதலில் இட வேண்டும். பெருங்குடலின் ஒரு பகுதியை வயிற்றைத் திறந்து எடுத்து மீண்டும் இணைப்பதற்கு 44140, அதையே சிறு துளைகள் வழியே (லேப்ராஸ்கோப்பி) செய்வதற்கு 44204, ஆசனவாயோடு சேர்த்து மலக்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் நிரந்தரப் பை வைப்பதற்கு 45110. பிறகு வயது, உயரம், எடை, சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், மூச்சுத்திணறல், ஸ்டீராய்டு மருந்து, அவசர அறுவையா என்பது போன்ற ஏறத்தாழ இருபது கேள்விகள். விடையளித்தால் காயத் தொற்று, நிமோனியா, இரத்தக் கட்டி, மறு அறுவை, மரணம் உள்ளிட்ட ஒவ்வொன்றுக்குமான வாய்ப்பைச் சதவீதமாகவும், சராசரி நோயாளியைவிடக் கூடுதலா குறைவா என்றும் காட்டுகிறது. கேள்விகளில் அடங்காத ஆபத்து இருப்பதாக அறுவை மருத்துவர் கருதினால், கணக்கை இரண்டு படிகள் வரை உயர்த்திப் பார்க்கவும் வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பயன்பட்டது, ஒரே நோயாளியின் விவரத்தை வைத்துக்கொண்டு 44140-ஐயும் 44204-ஐயும் மாற்றி மாற்றி இட்டுப் பார்ப்பதுதான். துளை வழி அறுவையில் காயத் தொற்று எவ்வளவு குறையக்கூடும் என்பது அந்தக் குடும்பத்தின் கண்முன்னே வந்துவிடுகிறது. மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்ற தெளிவும் வருகிறது.

ஆனால் அந்தச் சதவீதத்தை நம் கரையோர நோயாளியின் தலையில் அப்படியே எழுதிவிட முடியாது. முதல் பதிப்பு 393 மருத்துவமனைகளின் ஏறத்தாழ 14 லட்சம் நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு உருவானது. அந்த மருத்துவமனைகள் பெரும்பாலும் அமெரிக்காவில் உள்ளவை. 2018-இல் வெளியான குளோபல்சர்ஜ் ஆய்வு, 66 நாடுகளில் வயிறு, குடல் அறுவை செய்துகொண்ட 12,539 பேரைப் பின்தொடர்ந்தபோது, மனித மேம்பாட்டுக் குறியீட்டில் உயர்ந்த நாடுகளில் 9.4 சதவீதம் பேருக்கும், நடுத்தர நாடுகளில் 14 சதவீதம் பேருக்கும், தாழ்ந்த நாடுகளில் 23.2 சதவீதம் பேருக்கும் காயத் தொற்று வந்ததைக் கண்டது. ஆகவே கணிப்பான் ஒரு சதவீதத்தைக் காட்டினால், இங்கே அதைக் குறைந்தபட்ச அளவாக எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு என்பது என் கருத்து. இருவரில் யாருக்கு ஆபத்து கூடுதல் என்று வரிசைப்படுத்த அது உதவும். இவருக்கு இத்தனை சதவீதம் என்று உறுதி சொல்ல உதவாது.

அதைவிடப் பெரிய குறை கேள்விகளிலேயே இருக்கிறது. சர்க்கரை நோய் பற்றிய கேள்விக்கு ‘இல்லை’, ‘மாத்திரை’, ‘இன்சுலின்’ என்று மூன்று விடைகளை மட்டும் அது ஏற்கிறது. நம் ஊரில் “சர்க்கரை இல்லை” என்பவர்களில் பலர் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்காதவர்கள். சோதிக்காத ஒருவருக்கு ‘இல்லை’ என்று குறித்தால் கணிப்பான் நல்ல செய்தியைச் சொல்லும், காயம் வேறு செய்தியைச் சொல்லும். மாத்திரை சாப்பிடுகிறவரிடமும், இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7-இல் இருக்கிறதா 11-இல் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் பணியாளர்களிடம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள முடிகிறது. கணிப்பானைத் திறப்பதற்கு முன்பாக அந்தச் சோதனை நடந்திருக்க வேண்டும்.

புகையிலையிலும் இதே சிக்கல். கடந்த ஓராண்டில் சிகரெட் புகைத்தாரா என்பதுதான் அந்தத் தரவுகளின் அடிப்படை. மெல்லும் புகையிலை அதில் சேராது. கடலுக்குப் போகிறவர்களிடம் பீடியும் உண்டு, வாயில் அடக்கும் புகையிலையும் உண்டு. பீடி பிடிக்கிறவருக்கு ‘ஆம்’ என்றே குறிக்க வேண்டும். வெறும் புகையிலை போடுகிறவருக்குக் கருவியில் இடமே இல்லை. அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்வதுதான் வழி.

உடல் எடைக் கணக்கும் நமக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. இந்தியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 25 ஆனாலே உடல் பருமன் என்று கொள்கிறோம். மேலைநாடுகளில் அது 30. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பவருக்குக் குறியீடு அளவாகத்தான் இருக்கும், ஆனால் கத்தி கடந்துபோக வேண்டிய வயிற்றுக் கொழுப்பு தடிமனாக இருக்கும். கொழுப்பில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் தொற்று முதலில் பிடிக்கும் இடம் அது. எதிர்ப்பக்கத்தில், பல மாதம் இரத்தம் கசிந்து, சரியாகச் சாப்பிட முடியாமல் இளைத்துப்போனவர்களின் நிலையையும் கருவி கேட்பதில்லை. இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் 3.5-க்குக் கீழே இருப்பது, ஹீமோகுளோபின் இறங்கிக் கிடப்பது, மலக்குடல் புற்றுநோய்க்கு முன்கூட்டியே கதிர்வீச்சு கொடுத்திருப்பது ஆகியவை அதன் கேள்விகளில் இல்லை. கதிர்வீச்சு வாங்கியவருக்கு ஆசனவாய்ப் பகுதிக் காயம் ஆறுவது எவ்வளவு கடினம் என்பதைக் கட்டு மாற்றுகிறவர்கள் நன்றாக அறிவார்கள். எத்தனை மணி நேரம் அறுவை நீண்டது, இரத்தம் ஏற்றினார்களா என்பவை அரங்கில்தான் தெரியவரும். அறுவைக்கு முன் கணிக்கும் எந்தக் கருவியும் அவற்றைச் சொல்ல முடியாது.

இத்தனை குறை சொன்ன பிறகும் நான் இதைப் பரிந்துரைக்கிறேன். காரணம், கணிப்பான் கேட்கும் கேள்விகளுக்குப் பக்கத்தில் நாம் சேர்க்க வேண்டிய கேள்விகளையும் வைத்துக்கொண்டு குடும்பத்தாரோடு உட்கார்ந்தால், மாற்ற முடிந்தவை எவை என்பது தெரிந்துவிடுகிறது. வயதை மாற்ற முடியாது. ஆனால் அறுவைக்கு நான்கு வாரம் முன்பு புகையை நிறுத்தினால் காயத் தொற்று குறைவது நிரூபிக்கப்பட்டிருக்கிறது. முட்டை, மீன், பருப்பு என்று புரதத்தைக் கூட்டலாம். மீனுக்குப் பஞ்சமில்லாத ஊரில், நோயாளிக்குக் கஞ்சி மட்டும்தான் ஆகும் என்று குடும்பத்தார் நினைப்பதை மாற்ற நான் பேசாத நாளில்லை. இதற்காகப் புற்றுநோய் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. கதிர்வீச்சு முடிந்து அறுவைக்குக் காத்திருக்கும் வாரங்கள் இதற்குச் சரியான காலம். குடல் அடைத்துக்கொண்டு அவசரமாக மதுரைக்குப் போகிறவருக்கோ இந்த வாய்ப்பே கிடையாது. அவருக்குக் கணிப்பானின் எண் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை.

மருத்துவமனையிடம் கேட்க வேண்டியவையும் சில இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டி, முடியைப் பிளேடால் மழிக்க வேண்டாம், தேவையானால் கத்தரிக்கும் கருவி போதும் என்கிறது. குடலைச் சுத்தம் செய்யும் மருந்தோடு வாய்வழி ஆன்டிபயாட்டிக்கையும் சேர்க்கச் சொல்கிறது. தோலைக் கீறுவதற்கு முந்தைய 120 நிமிடங்களுக்குள் ஊசி ஆன்டிபயாட்டிக் போடச் சொல்கிறது. வீட்டிலேயே மழித்துவிட்டு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் நடந்து 2022-இல் வெளியான சீட்டா ஆய்வு, வயிற்றை மூடுவதற்கு முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றினாலே தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைவதைக் காட்டியது. நோயாளியின் ஆபத்து நோயாளியின் உடலில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

கணிப்பான் சொல்லும் 30 நாட்களில் பெரும்பகுதி நம் வீட்டில்தான் கழிகிறது. வெளிக்காயத் தொற்று பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் தலைகாட்டும். அதற்குள் பலர் வீடு வந்து சேர்ந்திருப்பார்கள். சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள் வருமானம் போகிறதே என்று சீக்கிரமே தண்ணீருக்குத் திரும்ப நினைக்கிறார்கள். உப்புத்தண்ணீர் புண்ணை ஆற்றும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. கடல் நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள், குறிப்பாகச் சர்க்கரை நோயும் ஈரல் நோயும் உள்ளவர்களுக்கு, திறந்த காயம் வழியே உயிருக்கே ஆபத்தான தொற்றை உண்டாக்கக்கூடியவை. காயம் முழுவதும் மூடும் வரை கடலில் இறங்கக் கூடாது என்பதை நான் ஒவ்வொருவரிடமும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நோயாளியின் தொழிலைக் கருவி கேட்பதில்லை. இந்தக் கரையில் அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் மட்டும் எனக்குக் கிடைத்த இந்தக் கருவியைக் குடும்பத்தார் தனியாக நிரப்பிப் பார்ப்பதை நான் விரும்பவில்லை. அறுவை எண் தவறினால் விடை முழுவதும் தவறிவிடும். அறுவை மருத்துவரோ செவிலியரோ உடன் இருந்து நிரப்புவதே முறை. அப்படி நிரப்பிய எண்ணையும், அது கேட்காமல் விட்ட சர்க்கரை அளவு, ஆல்புமின், புகையிலை, தொழில் ஆகியவற்றையும் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி அனுப்பும்படி மருத்துவமனைகளை நான் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சீட்டு கையில் இருந்தால், ஆபத்து கூடியவரின் வீட்டுக்கு நான் ஒருநாள் விட்டு ஒருநாள் போவேன். காயத்தைச் சுற்றிச் சிவப்போ, சூடோ, கலங்கிய நீரோ, காய்ச்சலோ, வயிறு உப்பலோ கண்டால் அன்றைக்கே வண்டி ஏற்றி அனுப்பவும் முடியும்.