பதினோராவது ஆள்: சென்டர் பேக்கா, விங்கரா, மலிவு ஸ்ட்ரைக்கரா?

எஃப்.பி.எல். என்பது இங்கிலாந்து பிரீமியர் லீக் வீரர்களை வைத்து நாம் கற்பனை அணி அமைக்கும் இணைய விளையாட்டு; நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வதற்கு நமக்குப் புள்ளி. அந்த அணியில் ஒன்பது பத்துப் பேரைப் பற்றி யாரும் மண்டையை உடைப்பதில்லை. விலை கூடிய ஆட்கள், பெனல்டி அடிக்கிறவர்கள், கோல்காப்பாளர் எல்லோரும் தாங்களாகவே உள்ளே வந்துவிடுவார்கள். தலையிடி கடைசி இடத்தில்தான். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் அலுவலக மினி லீக் (தெரிந்தவர்கள் தங்களுக்குள் நடத்தும் போட்டி) வாட்ஸ்அப் குழுக்களில் வெள்ளிக்கிழமை இரவு நடக்கிற வாக்குவாதத்தில் பாதி இதைப் பற்றியதுதான். "மச்சான், விங்கரைப் போடவா, டிஃபெண்டரைப் போடவா?" என்று ஒருவர் கேட்டால், நாலைந்து பேர் உடனே விங்கர் என்பார்கள். எதிரணி பலமானது, டிஃபெண்டருக்கு என்ன கிடைக்கப் போகிறது என்பது அவர்கள் நியாயம்.

2025/26 சீசனுக்கு முன்பு அந்த நியாயம் சரி. இப்போது சரியில்லை. கடைசி இடத்துக்குப் பெரும்பாலான கிழமைகளில் என் தெரிவு சென்டர் பேக்தான், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற டிஃபெண்டர்.

போட்டியில் இருப்பவர்கள் மூன்று பேர். ஒருவர் நடுத்தர அணியின் சென்டர் பேக். எவர்ட்டனின் ஜேம்ஸ் டார்கோவ்ஸ்கியை மனதில் வையுங்கள். இந்தக் கிழமை அவருக்குப் பலமான எதிரணி. அடுத்தவர் பெரிய அணியின் விங்கர், அதாவது ஓரத்தில் ஓடித் தாக்குகிறவர், மன்செஸ்டர் சிட்டியின் ஜெரமி டோக்கு மாதிரி. எதிரணி லேசு, ஆனால் முதல் பதினொருவரில் இருப்பாரா என்பது பயிற்சியாளருக்கே வெளிச்சம். கடைசி ஆள் அட்டவணையின் கீழ்ப்பாதியில் இருக்கும் அணியின் விலை குறைந்த ஸ்ட்ரைக்கர். அவருக்கு சொந்த மைதானத்தில் ஆட்டம்.

சென்டர் பேக்கின் கணக்கு

2025/26 சீசனோடு வந்த விதி எல்லாவற்றையும் மாற்றியது. கிளியரன்ஸ் (பந்தை வெளியே தள்ளுவது), பிளாக் (அடியை மறிப்பது), இன்டர்செப்ஷன் (பாஸை இடைமறிப்பது), டாக்கிள் (எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது) நான்கையும் கூட்டி ஒரு டிஃபெண்டர் ஒரே ஆட்டத்தில் 10ஐத் தொட்டால் 2 புள்ளி. 20ஐத் தொட்டாலும் அதே 2தான், அதற்கு மேல் இல்லை. மிட்ஃபீல்டருக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் எல்லை 12, ஆனால் அவர்களுக்குப் பந்தை மீட்டெடுப்பதும் கணக்கில் சேரும்.

இதை வைத்து ஒரு மோசமான நாளைப் பார்ப்போம். டார்கோவ்ஸ்கியின் அணி 0-1 என்று தோற்கிறது. 60 நிமிடத்துக்கு மேல் ஆடியதற்கு 2, தடுத்ததற்கு 2, மொத்தம் 4. அதே அணி 0-3 என்று தோற்றால், வாங்குகிற ஒவ்வொரு இரண்டு கோலுக்கும் ஒரு புள்ளி கழியும் என்ற விதிப்படி 3. நான்கு கோல் வாங்கினால்கூட 2. மஞ்சள் அட்டை காட்டினால் இன்னும் ஒன்று போகும், அவ்வளவுதான். அப்படியே நல்ல நாள் வந்து கிளீன் ஷீட் (அணி ஒரு கோலும் வாங்காமல் முடிப்பது) கிடைத்தால் 2, 4, 2 என்று 8, அதற்கு மேல் போனஸ் வரவும் வாய்ப்பு. விங்கர் ஒருவர் ஒரு கோல் அடித்து 60 நிமிடம் தாண்டினால் எடுப்பது 7.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பலமான எதிரணி வந்தால் சென்டர் பேக்குக்கு வேலை கூடும். கடைசிக் கால் மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். எவர்ட்டன் ஒரு கோல் பின்னால், எதிரணி இரண்டாவதைத் தேடி வருகிறது. கோர்னர். டார்கோவ்ஸ்கி தலையால் வெளியே தள்ளுகிறார், பந்து மறுபடி உள்ளே வருகிறது, மறுபடி அவர் தலை. ஷொட் ஒன்று அவர் காலில் பட்டுத் தெறிக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு எண்ணிக்கை. போனில் 9 என்று காட்டிக்கொண்டிருக்கும், கூடுதல் நேரத்தில் ஒரு நீளமான த்ரோ-இன்னை அவர் முட்டித் தள்ளினால் 2 புள்ளி. தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் பெனல்டி பெட்டிக்குள் ஒரு கிளியரன்ஸுக்காக உட்கார்ந்து கைதட்டுகிற சந்தோஷம் இந்த விதி வருமுன் எஃப்.பி.எல்.லில் இருந்ததே இல்லை. பின்கள வீரனின் உழைப்புக்கு இந்த விளையாட்டு கடைசியில் ஒரு மரியாதை கொடுத்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆனால் எல்லா டிஃபெண்டரும் டார்கோவ்ஸ்கி இல்லை. ஓரங்களில் நிற்கும் ஃபுல் பேக்குகள் பெரும்பாலும் 10க்கு வரமாட்டார்கள்; பந்து வானத்தில் வந்து விழுகிற இடத்தில் அவர்கள் நிற்பதில்லை. பந்தைத் தங்களிடமே வைத்திருக்கும் அணிகளின் சென்டர் பேக்குகளும் அப்படித்தான். சிட்டியின் பெட்டிக்குள் பந்து வராத நாளில் அவர்கள் எதைத் தள்ளுவது? அவர்களை எடுப்பது கிளீன் ஷீட்டுக்காக, இந்த 2 புள்ளிக்காக இல்லை. ஆர்சனலின் கப்ரியேல் மாதிரி கிளீன் ஷீட்டும் எடுத்து கோர்னரில் கோலும் போடுகிறவர் கடைசி இடத்துக்கான ஆளே இல்லை, அவர் முதலில் எழுதப்பட வேண்டிய பெயர்.

செல்சியின் மொய்சஸ் கைசெடோ மாதிரி தடுப்பாட்ட மிட்ஃபீல்டர்களையும் இதே காரணத்துக்காகச் சிலர் எடுக்கிறார்கள். தவறில்லை. மோசமான நாளில் கிடைக்கிற அடி மட்டம் ஒன்றுதான். நல்ல நாளின் மேல் மட்டத்தில் வித்தியாசம் வரும்: கிளீன் ஷீட்டுக்கு டிஃபெண்டருக்கு 4, மிட்ஃபீல்டருக்கு 1.

விங்கர் ஏன் இழுக்கிறார்

சரி, எதிர்த்தரப்பையும் முழுசாகக் கேட்போம். விங்கர்கள் பெரும்பாலும் மிட்ஃபீல்டர் கணக்கில் வருவார்கள்; மிட்ஃபீல்டர் கோலுக்கு 5, அசிஸ்டுக்கு (கோலுக்கு வழிவிடும் பாஸ்) 3. ஒரே ஆட்டத்தில் 13, 15 என்று ஏறுவது சென்டர் பேக்கால் எப்போதாவதுதான் முடியும். விங்கரைத் தூக்கி வைப்பவர்களின் மனதில் ஒரு பெயரும் இருக்கிறது: கோல் பாமர். 2023/24இல் சிட்டியை விட்டு செல்சிக்கு வந்து, விலை குறைந்த ஆளாகத் தொடங்கி, பிரீமியர் லீக்கில் 22 கோல் அடித்தார். அடுத்த சீசனில் பிரைட்டனுக்கு எதிராக முதல் பாதியிலேயே நாலு கோல். அடுத்த பாமரை நான்தான் முதலில் பிடித்தேன் என்று சொல்ல எல்லோருக்கும் ஆசை.

ஆனால் பாமரைப் பாமராக்கியது எது? அந்த 22இல் 9 பெனல்டி. அதோடு, செல்சியில் அவர் இடத்தைக் கேள்வி கேட்க ஆளில்லை. பெனல்டியும் இல்லாமல் இடமும் நிச்சயமில்லாமல் பெரிய அணியில் இருப்பது மட்டும் ஒரு விங்கரைப் பாமராக்காது.

நிமிடங்களைப் பாருங்கள். 58ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்தால் 1 புள்ளி. செவ்வாய், புதன் சம்பியன்ஸ் லீக் ஆட்டம் இருந்தால் சனிக்கிழமை யார் இருப்பார்கள் என்று சொல்லவே முடியாது. சிட்டியில் பெப் கார்டியோலா ஆட்களை மாற்றி மாற்றி இறக்கியதற்கு ரசிகர்கள் பெப் ரூலட் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. அணி விபரம் வெளியே வருவது நம் அணியை மாற்றுவதற்கான டெட்லைனுக்குப் பிறகுதான், ஆகவே யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

இதைவிடக் கொடுமை, விங்கர் 86ஆவது நிமிடத்தில் இறங்குவது. முழுக்க ஆடாமல் இருந்தால் பிரச்சினை இல்லை, நம் பென்ச்சிலிருந்து (மாற்று ஆட்களிலிருந்து) அடுத்தவர் தானாக உள்ளே வந்துவிடுவார். ஒரு நிமிடம் ஆடினாலும் கதவு மூடிவிடும். கையில் 1 புள்ளி, பென்ச்சில் சென்டர் பேக்கின் 8 புள்ளி. மினி லீக்கில் கடைசியாக வருகிறவர் எல்லோருக்கும் கொத்து வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் உள்ள இடங்களில், சீசன் முடிவில் அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை இப்படிப்பட்ட 1 புள்ளிகள்தான் தீர்மானிக்கும்.

விங்கருக்கு நான் இடம் கொடுப்பது எப்போது? நடுக்கிழமையில் ஆட்டம் இல்லாதபோது, முந்தைய சில ஆட்டங்களில் தொடர்ந்து தொடக்கத்திலேயே இறங்கியிருக்கும்போது, அல்லது பெனல்டி அவர் கையில் இருக்கும்போது. இதில் ஒன்று உறுதியாக இருந்தாலும் அவரைப் போடலாம். எதிரணி லேசு என்பது மட்டும் போதாது.

ஸ்ட்ரைக்கர்

இவரைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்ட்ரைக்கரின் கோலுக்கு 4 புள்ளி, கிளீன் ஷீட்டுக்கு எதுவுமில்லை. கோல் அடிக்காத நாளில் 2. கீழ்ப்பாதி அணியில் கோல் அடிக்காத நாட்கள்தான் கூட.

புள்ளி முறை ஸ்ட்ரைக்கரை எவ்வளவு அமுக்குகிறது என்பதற்கு ஒரு கணக்கு. 2022/23இல் எர்லிங் ஹாலண்ட் 36 கோல் அடித்து லீக் சாதனையே படைத்தார். கோலுக்கு மட்டும் 144 புள்ளி. 2024/25இல் மொஹமட் சலா 29 கோல் அடித்தார். எஃப்.பி.எல்.லில் அவர் மிட்ஃபீல்டர் என்பதால் கோலுக்கு மட்டும் 145. ஏழு கோல் குறைவு, ஒரு புள்ளி கூட. அந்த சீசனில் சலா மொத்தமாக எடுத்த 344 புள்ளிக்கு இதுவும் ஒரு காரணம். அதே 2024/25இல் பிரென்ட்ஃபோர்டின் பிரையன் எம்பியூமோவும் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டின் கிறிஸ் வுட்டும் ஆளுக்கு 20 கோல். எம்பியூமோவுக்கு 100, வுட்டுக்கு 80.

வுட் மலிவாக வந்து அள்ளிக் கொடுத்தார் என்பது உண்மை. ஆனால் ஃபொரஸ்ட் அந்த சீசனில் 7ஆம் இடத்தில் முடித்த அணி, பெனல்டியும் அவருக்குத்தான். அப்படி ஒருவர் உங்களிடம் இருந்தால் அவர் பதினோராவது ஆள் இல்லை, ஒவ்வொரு கிழமையும் ஆட வேண்டியவர். மற்ற மலிவு ஸ்ட்ரைக்கர்கள் மூன்றாவது பென்ச் இடத்தில் இருக்கட்டும்.

கொழும்பு நேரம்

டெட்லைன் அந்தக் கிழமையின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு. இங்கிலாந்தில் சனி பகல் 12.30 ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் நமக்குப் பின்னேரம் 6 மணி, டெட்லைன் 4.30. மார்ச் கடைசியில் அங்கே மணிக்கூட்டை மாற்றியதும் இங்கே ஆட்டம் 5க்கு, டெட்லைன் 3.30. சனி அரைநாள் வேலை முடித்து காலி வீதி பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவருக்கு இந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். பழைய ஞாபகத்தில் 4.30 என்று நினைத்திருந்தால் அணி பூட்டப்பட்டிருக்கும்.

வெள்ளி இரவு ஆட்டம் இருக்கிற கிழமையில் குளிர்காலத்தில் டெட்லைன் வெள்ளி நள்ளிரவு 12 மணி, மற்றக் காலத்தில் 11. இதுவும் தெரிவைப் பாதிக்கும். விங்கர் தொடங்குவாரா என்ற செய்தி கடைசி நேரம் வரை ஓடிக்கொண்டிருக்கும், பயிற்சியாளர்கள் பேசுவதைக் கேட்டு யோசிக்க நேரம் வேண்டும். சென்டர் பேக்குக்கு அது தேவையில்லை. காயமோ தடையோ இல்லையென்றால் அவர் ஆடுவார், 90 நிமிடமும் ஆடுவார். ஆகவே வெள்ளி டெட்லைன் கிழமையில் இரண்டு மனதாக இருந்தால் டிஃபெண்டரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

இன்னொரு பழக்கம் பரவலாக இருக்கிறது: கடைசி இடத்தை நிரப்ப 4 புள்ளியைக் கொடுத்துப் புது ஆளை வாங்குவது. பென்ச்சில் 4 எடுக்கக்கூடிய டிஃபெண்டர் இருக்கும்போது, புதியவர் 8 எடுத்தால்தான் கணக்கு நேராகும். அந்த நம்பிக்கை தருகிற ஆட்கள் சந்தையில் சிலர்தான், அவர்கள் மலிவாக இருப்பதில்லை. இலவச ட்ரான்ஸ்பரை (ஆள் மாற்றும் வாய்ப்பை) சேர்த்து வைக்கலாம், 5 வரைக்கும் சேரும்.

கப்டன் விடயத்தில் மட்டும் இந்த வாதத்தைத் தலைகீழாக்க வேண்டும். புள்ளி இரட்டிப்பாகும் இடத்தில் அடி மட்டத்தைப் பார்க்கக் கூடாது, மேல் மட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். சொந்த மைதானத்தில் லேசான எதிரணி என்றால் ஹாலண்ட் போன்ற ஒருவரைத் தாண்டி யோசிக்க நான் காரணம் காணவில்லை. ஒரு கோலுக்கு 4 என்றாலும் மூன்று கோல் அடிக்கக்கூடியவர். அங்கேயும் நிமிடங்கள் முக்கியம்: கப்டன் ஐந்து நிமிடம் இறங்கினாலே வைஸ் கப்டனின் இரட்டிப்பு போய்விடும்.

பென்ச் வரிசையையும் பார்த்துவிடுவோம். சென்டர் பேக்கைப் போட்டு நான்கு டிஃபெண்டரோடு இறங்கினால் இன்னொரு லாபமும் இருக்கிறது. குறைந்தது மூன்று டிஃபெண்டர் ஆட வேண்டும் என்பது விதி. மூவரோடு மட்டும் இறங்கி அதில் ஒருவர் ஆடாமல் போனால், பென்ச்சில் யார் முதலில் இருந்தாலும் டிஃபெண்டர்தான் உள்ளே வர முடியும். நால்வரில் ஒருவர் போனால் மீதி மூவர் போதும், நீங்கள் வைத்த வரிசைப்படியே ஆள் வருவார். அந்த வரிசையில் விங்கரை முதலாவதாக வைக்கலாம். அவர் இறங்காவிட்டால் அவரைத் தாண்டி அடுத்தவர் வருவார்.

இரட்டை ஆட்டக் கிழமை மட்டும் வேறு. விங்கருக்கு இரண்டு ஆட்டம், சென்டர் பேக்குக்கு ஒன்று என்றால் விங்கரைப் போடுங்கள். ஒன்றில் உட்கார வைத்தாலும் மற்றதில் தொடங்கப் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு. இருவருக்கும் இரண்டு என்றால் மறுபடியும் சென்டர் பேக்.