சின்னச் சமையலறையின் பின்கதவு: ஒரு மரக்கதவும் மூன்று கொசுவலைகளும்

திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்து போகும் தொலைவில் உள்ள எங்கள் வீட்டில், சமையலறை 8 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்டது. வெளிச்சமும் காற்றும் வருவதும், தாளிப்புப் புகை போவதும் பின்முற்றத்துக்குத் திறக்கும் இரண்டரை அடிக் கதவு வழியாகத்தான். அந்த ஒரு கதவின் நிலைச்சட்டத்தில் கடந்த ஒன்பது ஆண்டுகளாக நாங்கள் மாற்றி மாற்றிப் பொருத்தியவற்றைப் பற்றிய மதிப்பீடு இது.

கெட்டிக் கதவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதலில் இருந்த, ஒட்டுப்பலகை ஒட்டிய ஃபிளஷ் கதவின் அடிப்பகுதி இரண்டே வடகிழக்குப் பருவமழைகளில் உப்பி, ஒட்டுப்பலகை ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கதவு நனைந்தாலும் கெடாது என்றாலும், அதன் தடித்த சட்டம் குறுகிய திறப்பில் சில அங்குலங்களை எடுத்துக்கொள்ளும் என்பதால் வேண்டாம் என்று விட்டோம். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த டபிள்யூபிசி கதவைப் பழைய நிலைச்சட்டத்திலேயே மாட்டினோம். கனம் அதிகமாதலால் நான்கு கீல்கள் தேவைப்பட்டன. இன்றுவரை உப்பவில்லை.

ஆனால், அந்தக் கதவு இரவில்தான் மூடப்படுகிறது. பகல் முழுவதும் வெளிக்கும் சமையலறைக்கும் இடையில் நிற்பது வலைக்கதவுதான்; டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பதால், காலைச் சமையல் நேரத்தில்கூட அதைத் திறந்து போட முடியாது. ஆகவே அதிகக் கவனமும் பணமும் அதற்கே உரியவை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் போட்டது உள்பக்கம் திறக்கும் ஃபைபர் வலைக்கதவு. இரண்டரை அடிக் கதவு ஒன்று திறந்து மூட ஏறத்தாழ 5 சதுர அடி தரை வேண்டும். எங்கள் அறையின் மொத்தப் பரப்பே 48 சதுர அடி. அடுப்படியில் ஒருவர் நின்றால் மற்றவர் கதவைத் திறக்க இயலாது. அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டிருந்தபோதே எலி ஒரே இரவில் வலையின் கீழ்மூலையைக் கடித்து ஓட்டை போட்டது.

இடத்தை மிச்சப்படுத்த அடுத்து வாங்கியது, விசிறிபோல மடிந்து பக்கவாட்டில் ஒதுங்கும் மடிப்பு வலை. படுக்கையறைப் பால்கனிக்கு இதை மனமாரப் பரிந்துரைப்பேன். சமையலறையிலோ எண்ணெய்ப் பிசுக்கு ஒவ்வொரு மடிப்பிலும் படிந்து, தூசியைப் பிடித்துக் காற்றை அடைத்துவிடுகிறது. அழுத்தித் தேய்த்தால் மடிப்பு குலைகிறது. கீழ்த்தடத்தில் சோற்றுப்பருக்கை விழுந்தால் வலை நகர மறுக்கிறது. இழுவை நூல் அறுந்த பிறகு அதைக் கழற்றிவிட்டோம்.

இப்போது இருப்பது வெளிப்பக்கம் திறக்கும் அலுமினியச் சட்டக் கதவு, வலை எவர்சில்வர். எலிக்குப் பயந்து கீழே ஓரடி உயரத்துக்குத் தகடு அடிக்கச் சொல்லிப் பலர் அறிவுறுத்தினார்கள். ஆனால், சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டர் உள்ளேயே இருக்கும் சின்ன அறையில், அது வெளியேறக்கூடிய அந்த அடிப்பகுதியைத் தகட்டால் அடைப்பது ஆபத்து. எலியால் கடிக்க முடியாத எவர்சில்வர் வலையைத் தரைவரை இறக்கியதும் இரண்டு கவலையும் ஒன்றாகத் தீர்ந்தன. பிசுக்கைச் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு பத்து நிமிடத்தில் கழுவிவிடலாம்.

குறை ஒன்று உண்டு. எவர்சில்வரின் தரத்தை எண்ணால் குறிப்பார்கள்; நாங்கள் வாங்கிய 304 தரத்தில் இரண்டாம் ஆண்டிலேயே பழுப்புப் புள்ளிகள் தோன்றின. கடற்காற்றின் உப்பு அதன் காரணம். மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 தரம் உப்பை நன்றாகத் தாங்கும். விலை கூடுதல் என்றாலும், கடலோர வீடுகளுக்கு அதையே வாங்குங்கள். கடைகளில் காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை பாருங்கள், நல்ல எவர்சில்வர் என்று காட்டுவதுண்டு. மலிவான 202 தரத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. எனவே தர எண்ணை ரசீதில் எழுதித் தரும்படி கேட்டு வாங்குவது நல்லது.