84,000 ரூபாய் போச்சு: 'பயோகெமிஸ்ட்ரி வித் டேட்டா சயின்ஸ்' என்று வீடு தேடி வருகிறவர்களிடம் ஜாக்கிரதை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், ஆத்தங்குடி பக்கம் பி.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதைத் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். என் சித்தப்பா மகளுக்கு, என் தங்கச்சிக்கு, நடந்தது. ஒரு பயிற்சி மையத்து ஆள் வீடு தேடி வந்து இந்தப் பெயரில் ஓர் ஆன்லைன் படிப்பில் சேர்த்துவிட்டார். தொகை 84,000 ரூபாய். "ரீஃபண்ட் கிடையாது" என்ற கடைசிப் பதில் நேற்று சாயங்காலம்தான் வந்தது. அந்த மையத்தின் பெயரை எழுதவில்லை. ஊரில் ஒரு கிளை, வெளி மாநிலத்தில் தலைமை அலுவலகம், பாடம் எல்லாம் ஆப்பில், அந்த வகை. எப்படிச் சரிபார்ப்பது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

இந்தப் படிப்பே பொய் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புரதங்களைக் கணினியில் வடிவமைத்ததற்கும், அவற்றின் வடிவத்தைக் கணித்ததற்கும்தான் 2024இல் டேவிட் பேக்கர், டெமிஸ் ஹஸ்ஸாபிஸ், ஜான் ஜம்பர் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. வந்த ஆள் முதலில் எடுத்து நீட்டியதே அந்தச் செய்தியின் பேப்பர் கட்டிங்தான். உண்மையான ஒன்றைக் காட்டித்தான் பொய்யை விற்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. திண்ணையில் உட்கார்ந்து அப்பத்தா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தார். திரையில் சிவப்பும் நீலமுமாய் ஒரு புரதம் சுழன்றது. "இது நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் அப்பத்தா. எங்க கம்பெனி சொந்த சாஃப்ட்வேர்." அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தது. "தம்பி, புள்ளைக்கு வேலை கிடைச்சிருமாப்பா?" "உங்க பேத்தி எனக்குத் தங்கச்சி மாதிரி. என் கூடப் பொறந்தவளா இருந்தாலும் இதுலதான் சேத்துவிடுவேன்." அந்த ஒரு வார்த்தைதான். ஆத்தங்குடியில் தரைக்கல் (டைல்ஸ்) பட்டறையில் வேலை பார்க்கிற சித்தப்பா, அதுவரை தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

திரையின் மூலையில் 4ஹெச்ஹெச்பி (4HHB) என்ற குறியீடு தெரிந்ததாகத் தங்கச்சி பிறகு சொன்னாள். அது புரோட்டீன் டேட்டா பேங்கில் மனித ஹீமோகுளோபினின் ஒரு வடிவத்துக்கு உள்ள எண். 1971இலிருந்து இயங்கும், புரத வடிவங்களின் பொதுக் களஞ்சியம் அது. ஒரு பைசா கட்டாமல் உலகத்தில் யாரும் அதே புரதத்தை அதே மாதிரி சுழற்றிப் பார்க்கலாம்.

அடுத்தது கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளி. "காலேஜ் டிகிரியோட இந்த கிரெடிட்டும் ஏறிரும்" என்றார். ஏறாது. யூ.ஜி.சி.யின் 2021 விதிகள்படி ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை மத்திய அரசின் ஸ்வயம் இணையப் பாடத் தளத்தில் எடுக்கலாம், அதுவும் நம் கல்லூரி ஒத்துக்கொண்டால். தனியார் ஆப் கொடுக்கும் சான்றிதழுக்கு அந்த இடம் கிடையாது. காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிர்த் தகவலியல் (பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்) துறை இருக்கிறது. பஸ் ஏறிப் போய் ஒருவரிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பணம் போன விதம் இது. 12,000 ரூபாய் பதிவுக் கட்டணம், திண்ணையிலேயே ஜீபே. மீதி 72,000 "மாசம் 6,000, பன்னிரண்டு தவணை, வட்டியே இல்லை". சித்தப்பாவின் போனை வாங்கி, ஆதார், பான் படம் எடுத்து, "வெரிஃபிகேஷன் ஓ.டி.பி. சொல்லுங்கண்ணே" என்று மூன்று தடவை கேட்டார்கள். அதில் ஒன்று கடன் ஒப்பந்தத்துக்கான கையெழுத்து, இன்னொன்று வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் அனுமதி. அவர் செலுத்துவது மையத்துக்குக் கட்டணம் இல்லை, ஒரு நிதி நிறுவனத்துக்குக் கடன். முதல் தவணை பிடித்தம் ஆன குறுஞ்செய்தி வந்தபோதுதான் இது வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது.

இனி பாடம். "மருத்துவமனையிலிருந்து நேரடியாக வாங்கிய நோயாளிகள் தரவு, வெளியே காட்டக்கூடாது" என்று தங்கச்சியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு எக்ஸெல் கோப்பு கொடுத்தார்கள். நான் இதே துறையில் இருப்பதால் திறந்ததும் தெரிந்துவிட்டது. 569 வரிசை, 30 அளவீடு. முதல் வரிசையில் 17.99, 10.38, 122.8, 1001. அது விஸ்கான்சின் மார்பகப் புற்றுநோய்த் தரவு. அமெரிக்காவில் ஊசியால் எடுத்த செல்களின் படங்களிலிருந்து அளந்தது. 357 சாதாரணக் கட்டி, 212 புற்று. 1990களிலிருந்து பொதுவில் இருக்கிறது. பைத்தான் என்ற நிரல்மொழியின் சைக்கிட்-லேர்ன் தொகுப்பை நிறுவினாலே கூடவே வரும், ஒரே வரியில் திறக்கலாம். தலைப்பு வரியை மட்டும் மாற்றி, 'பேஷண்ட் 1', 'பேஷண்ட் 2' என்று ஒரு பத்தியைச் சேர்த்திருந்தார்கள்.

இதைவிட மோசம் 'மரபணு புராஜெக்ட்'. 40 மாதிரி, சுமார் 20,000 மரபணு. எல்லா 40 மாதிரியையும் வைத்து, நோய் உள்ளவரையும் இல்லாதவரையும் நன்றாகப் பிரிக்கிற 50 மரபணுவைப் பொறுக்கிவிட்டு, அதன் பிறகு 30ஐக் கணினிக்குப் பயிற்சி கொடுக்கவும் 10ஐ அது கற்றதைச் சோதிக்கவும் பிரித்தார்கள். துல்லியம் 100 விழுக்காடு வந்தது என்று வாட்ஸ்அப்பில் பாராட்டு. அந்தப் பத்து மாதிரியும் மரபணுவைப் பொறுக்கும்போதே ஓட்டுப் போட்டுவிட்டன, பிறகு என்ன சோதனை? நோய் உண்டு, இல்லை என்ற பெயர்களைக் குலுக்கிப் போட்டுவிட்டு இதே முறையில் செய்தாலும் நல்ல மதிப்பெண் வரும். முதலில் பிரிக்க வேண்டும், பயிற்சிப் பகுதியை மட்டும் பார்த்து மரபணுவைப் பொறுக்க வேண்டும், மாதிரிகளை மாற்றி மாற்றிப் பிரித்துச் சோதிக்கும் குறுக்குச் சரிபார்ப்பில் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் பொறுக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் இந்தப் புராஜெக்டை அந்தப் பிள்ளை விளக்கினால், விஷயம் தெரிந்தவர் அங்கேயே நிறுத்திவிடுவார். இன்னொன்று, 20,000 மரபணுவுக்குத் தனித்தனியாக 0.05 என்ற எல்லையில் (தற்செயலாகவே தேறிவிட நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு) சோதனை செய்தால், ஒன்றுமே இல்லாதபோதும் ஏறக்குறைய 1,000 மரபணு 'முக்கியம்' என்று வந்து நிற்கும். அதற்குத் திருத்தம் செய்ய வேண்டும் என்ற பேச்சே பாடத்தில் இல்லை.

நொதி (என்சைம்) வேகப் பாடத்தில், வேகத்தைத் தலைகீழாக்கி (1/வேகம்) வரையும் லைன்வீவர்-பர்க் நேர்கோட்டை மட்டும் போட்டு முடித்துவிட்டார்கள். 1934இல் கால்குலேட்டர்கூடக் கையில் இல்லாத காலத்து வழி அது. வேகம் 0.02 இருக்க வேண்டிய இடத்தில் 0.03 என்று அளந்துவிட்டால் தலைகீழ் மதிப்பு 50லிருந்து 33க்கு விழும். அதே பிழை 0.20இல் வந்தால் 5 என்பது 4.76 ஆகும், அவ்வளவுதான். ஆக, எந்த அளவீட்டை நம்ப முடியாதோ அதுவே கோட்டின் கடைசியில் உட்கார்ந்து சாய்வை இழுக்கும். பைத்தானிலோ ஆர் (R) நிரல்மொழியிலோ, வேகம் ஏறுவதைக் காட்டும் மைக்கேலிஸ்-மென்டன் வளைவையே நேரடியாகப் பொருத்துவது நாலு வரி வேலை. பயோகெமிஸ்ட்ரியும் டேட்டா சயின்ஸும் சேர்கிற இடமே இதுதான், அதையே சொல்லித்தரவில்லை.

'லேப் கிட்' என்று ஒரு மைக்ரோபைப்பெட், அதாவது துளித் துளியாகத் திரவம் அளந்து எடுக்கும் கருவி, வந்தது. 1,000 மைக்ரோலிட்டர் (ஒரு மில்லி) வைத்துத் தண்ணீர் எடுத்து, காரைக்குடியில் தெரிந்த நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். நம் ஊர் வெயிலில் 0.996 கிராம் பக்கம் வர வேண்டும். 0.91, 0.96, 0.88 என்று வந்தது. இந்த அளவுக்கு ஏற்றுக்கொள்ளும் பிழை கூடவோ குறையவோ 8 மைக்ரோலிட்டர்தான், அதாவது 0.008 கிராம். தராசைப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்கார அண்ணன், "இதை வச்சா மருந்து அளக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

ஆறாவது வாரம் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். அதிலிருந்து நடந்ததுதான் நெஞ்சு எரிகிறது. "அக்கவுன்ட்ஸ் டீம் பார்ப்பாங்க, 48 மணி நேரம்." 48 மணி நேரம் கழித்து, "டிக்கெட் க்ளோஸ் ஆயிருச்சு, புதுசா போடுங்க." புதுசாகப் போட்டால், "மேனேஜர் லீவு." நேரில் போனால் கிளையில் இருந்த பெண், "அண்ணே, நான் அட்மிஷன் மட்டும்தான், எனக்கு எதுவும் தெரியாது" என்றாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. 'கூடப் பொறந்தவளா இருந்தாலும்' என்று சொன்ன ஆளுக்குச் சித்தப்பா வாட்ஸ்அப்பில் பதினோரு தடவை மெசேஜ் அடித்தார். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பன்னிரண்டாவது தடவை நம்பரையே பிளாக் செய்துவிட்டார். நேற்று வந்த மின்னஞ்சலில், சேர்ந்த ஏழு நாளுக்குள் கேட்டிருக்க வேண்டுமாம். முதல் பாடமே திறந்தது ஒன்பதாம் நாள்.

நிதி நிறுவனத்தைக் கேட்டால், "கோர்ஸ் எப்படி இருந்தாலும் கடன் கடன்தான் சார்." 12,000 போச்சு, இரண்டு தவணையில் இன்னொரு 12,000 போச்சு, மிச்சம் 60,000 சித்தப்பா தலையில். கட்டாவிட்டால் சிபில் (கடன் மதிப்பெண்) கெடும், நாளைக்குத் தங்கச்சியின் மேற்படிப்புக்கு வங்கிக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். மொத்தம் 84,000 ரூபாய். பட்டறையில் வெயிலில் கல் காயவைக்கிற மனுஷன் காசு.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கை ஓடவில்லை. சுருக்கமாக:

ஓ.டி.பி. சொல்லும் முன் அந்தக் குறுஞ்செய்தியை முழுசாகப் படியுங்கள், 'லோன்', 'மேண்டேட்' (தவணையைத் தானாக எடுக்கும் அனுமதி) என்று இருந்தால் நிறுத்துங்கள். கடனின் முக்கிய விவரத் தாளையும், அபராதமில்லாமல் விலகும் காலம் எத்தனை நாள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். தரவு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், முதல் வரிசை எண்களை இணையத்தில் தேடுங்கள். புரத, மரபணுத் தரவுக்குப் புரோட்டீன் டேட்டா பேங்க், யூனிபுரோட், என்.சி.பி.ஐ., அதை அலசப் பயோகண்டக்டர், கேலக்ஸி, எல்லாமே இலவசம். ஐ.ஐ.டி.களின் என்.பி.டெல் இணையப் பாடங்களைப் பார்க்கவும் காசில்லை, தேர்வு எழுதினால்தான் கட்டணம்.

ஏமாந்துவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண். ஆன்லைன் பண மோசடி என்றால் உடனே 1930. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நமக்குச் சிவகங்கை. ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அந்த எக்ஸெல் கோப்பு எதையும் அழிக்காதீர்கள்.

அடுத்த தவணை 5ஆம் தேதி பிடிப்பார்கள். அதற்குள் சிவகங்கையில் மனு கொடுக்கப் போகிறோம். இதே மாதிரி ரசீது கையில் வைத்திருக்கிறவர்கள் இந்தப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.