மலக்கசிவுக்கு ஆபரேஷன்: எது யாருக்குப் பலன் தரும்?

வழியில் மலம் கசிந்துவிடுமோ என்று, மதுரை ஆரப்பாளையத்தில் ஏறி உசிலம்பட்டி வரை பஸ்ஸில் போகப் பயந்து, முதல் நாள் ராத்திரியே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். வயசானால் அப்படித்தான் என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். பல பேருக்கு மூல காரணம் பழைய பிரசவம். ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தபோது கிழிந்த ஆசனவாய்ச் சுருக்குத்தசை, இருபது வருஷம் கழித்துக்கூடத் தன் குறையைக் காட்டும்.

ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் எடுக்காமல் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தசை எங்கே, எவ்வளவு கிழிந்திருக்கிறது என்பதை அதுதான் காட்டும். அதற்கும் முன்னால் இசப்கோல் என்ற நார்ச்சத்துத் தூள், பேதியைக் கட்டும் லோபரமைடு மாத்திரை, ஆசனவாயைச் சுருக்கிப் பிடித்துப் பழகும் இடுப்புத்தளப் பயிற்சி ஆகியவற்றை இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பார்க்க வேண்டும். பலருக்கு அதோடு சரியாகிவிடும்.

தசை முன்பக்கம் அறுந்திருந்தால் முதல் தேர்வு தசையைத் தைக்கும் ஸ்பிங்க்டரோபிளாஸ்டி. அறுந்த இரு முனைகளையும் தேடி எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றித் தைப்பார்கள். முனையிலுள்ள தழும்பை வெட்டி எறியக் கூடாது. வெறும் தசையில் போட்ட தையல் அறுத்துக்கொண்டு வந்துவிடும், தழும்புதான் அதைப் பிடித்து நிறுத்தும். காயத்தில் சீழ் பிடிப்பதும், மலச்சிக்கலில் முக்கித் தையல் விட்டுப்போவதும் இதில் அடிக்கடி வரும் தொல்லைகள். அதனால் மலமிளக்கி கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பினால் கேட்டு வாங்குங்கள். முதல் சில வருஷம் பலன் நன்றாக இருக்கும், ஐந்து பத்து வருஷத்தில் பலருக்குக் குறைந்துவிடும். இதை முன்கூட்டியே சொல்கிற டாக்டரை நம்பலாம்.

தசை கிழியாமல் நரம்பு பலவீனமாக இருந்தாலும், தைத்தும் பலன் இல்லாவிட்டாலும், முதுகின் அடியில் மூன்றாவது சேக்ரல் நரம்பருகே கம்பி வைத்து லேசான மின்சாரத்தால் தூண்டும் முறை உண்டு. முதலில் ஒன்றிரண்டு வாரம் சோதனைக் கம்பி. கசிவைத் தினமும் நோட்டில் குறிக்க வேண்டும். பாதியாவது குறைந்தால்தான் புட்டத்தில் நிரந்தரக் கருவி பொருத்துவார்கள். பல லட்சம் ஆகும். சோதனைக் கட்டத்துக்கு எவ்வளவு, கருவிக்கு எவ்வளவு, பேட்டரி மாற்ற எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பிறகு எம்ஆர்ஐ எடுக்கலாமா என்பது கருவியின் மாடலைப் பொறுத்தது.

ஆசனவாய்ச் சுவரில் ஜெல் ஊசி போடுவது லேசான கசிவுக்கு மட்டும். ஆசனவாயைச் சுற்றிப் பொருத்தி அதை மூடி வைக்கும் காந்த மணி வளையத்தின் விற்பனையே நின்றுவிட்டது.

எதுவும் உதவாதபோது வயிற்றில் பை வைக்கும் கொலஸ்டமி. பெயரைக் கேட்டே அழுகிறார்கள். ஆனால் பையை மாற்றப் பழகிய பிறகு கல்யாணம், கோயில், வெளியூர் என்று பயமில்லாமல் போய்வர முடிகிறது.

கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் முதல்வர் காப்பீட்டு அட்டையோடு பழைய பிரசவச் சீட்டையும் எடுத்துப் போங்கள். தசை தைத்த பிறகு கர்ப்பமானால் அதையும் மகப்பேறு டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த பிரசவத்துக்கு சிசேரியன்தான் பெரும்பாலும் சொல்வார்கள்.